உயிரியலும் உயிரியல் விஞ்ஞானிகளும்: உருப்போடாம மனசுல நிக்க வைக்கிறதுக்கு ஸ்கூல் பசங்களுக்கான முழு வழிகாட்டி

உயிரியல் பொது அறிவுன்னாலே பசங்க ஒரு நோட்ட எடுத்து ஒரு பக்கம் பேரு, எதிர்ப்பக்கம் கண்டுபிடிப்பு, ஓரத்துல வருஷம்னு இருநூறு வரி எழுதி வச்சுக்கிறாங்க, அத ராத்திரி பூரா உருப்போட்டுட்டு காலையில பரீட்சை ஹால்ல போய் உட்கார்ந்தா ராபர்ட் ஹூக்கா, ராபர்ட் பிரவுனா, ராபர்ட் காக்கான்னு மூணு ராபர்ட்டும் ஒண்ணா வந்து நிப்பாங்க. இதுல பசங்க தப்பு எதுவும் இல்ல. ஒரு பேருக்கும் ஒரு வருஷத்துக்கும் நடுவுல ஒட்டுறதுக்கு எதுவுமே இல்லேன்னா ரெண்டும் தனித்தனியா உதிர்ந்து போயிடும், அவ்வளவுதான்.

அந்த ஒட்டுற பசை என்னன்னா, கேள்வி. ஒவ்வொரு விஞ்ஞானியும் ஒரு கேள்விய பிடிச்சுக்கிட்டு வந்தவங்கதான், அந்தக் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருந்தா ஆளு ஞாபகம் வருவாரு, அவரு எப்படி நிரூபிச்சாருன்னு தெரிஞ்சா பாடமே புரிஞ்சிடும், வருஷம் கடைசியில தானா வந்து உட்காரும். இந்த வழியில எப்படிப் படிக்கிறதுன்னு படிப்படியா சொல்றேன். ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைக்காதீங்க, ஒரு படிக்கு ரெண்டு மூணு நாள் எடுத்துக்கோங்க.

படி 1: நாலு கட்டம் போட்ட நோட்டு

ஒரு நோட்டுல பக்கத்துக்கு நாலு கட்டம் போடுங்க. முதல் கட்டம் என்ன கேள்வி, ரெண்டாவது யாரு, மூணாவது எப்படிக் காட்டினாங்க, நாலாவது எப்போ. மூணாவது கட்டத்த மட்டும் அகலமா விடுங்க, ஏன்னா விஷயம் எல்லாம் அங்கதான் இருக்கு.

எப்படி நிரப்புறதுன்னு ஒரு உதாரணம் பார்ப்போம். கேள்வி: அழுகுற கறியில புழு தானாவே பிறக்குதா? பல நூற்றாண்டு ஆமா தானாத்தான் பிறக்குதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1668ல இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ ரெடி கறிய ஜாடிகள்ல போட்டு சிலத திறந்து விட்டாரு, சிலத மூடினாரு, சிலத மெல்லிய துணியால கட்டினாரு. திறந்ததுல புழு வந்துச்சு, மூடினதுல வரல, துணி கட்டினதுல ஈ மேல வந்து உட்கார்ந்துச்சே தவிர கறியில புழு இல்ல. அப்போ புழு வந்தது ஈயோட முட்டையிலேருந்து. சரி புழு தானா வரல, ஆனா கண்ணுக்குத் தெரியாத கிருமி தானா வரலாமேன்னு அடுத்த சண்டை ஆரம்பிச்சு அது கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஓடுச்சு, 1860கள் வாக்குல லூயி பாஸ்டர் அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைஞ்ச குடுவையில சூப்ப கொதிக்க வச்சு முடிச்சு வச்சாரு. காத்து உள்ள போகும், ஆனா தூசியும் அதோட ஒட்டி வர்ற கிருமியும் வளைவுலேயே தங்கிடும், அதனால சூப்பு கெடவே இல்ல. குடுவைய சாய்ச்சு அந்தத் தூசி சூப்புல படுற மாதிரி பண்ணினதும் கெட்டுப்போச்சு.

பாருங்க, இது ரெண்டு வரி இல்ல, ஒரே கேள்வியோட ரெண்டு பாகம். ரெடிய படிச்சவங்களுக்கு பாஸ்டர் தானா வருவாரு. நோட்டு முழுக்க இந்த மாதிரி சங்கிலியா எழுதணும்.

படி 2: செல்லுல ஆரம்பிங்க

எங்க ஆரம்பிக்கிறதுன்னு குழப்பமே வேண்டாம், செல்லுதான் முதல். உயிருள்ள எல்லாமே செல்லால ஆனது, செல் சேர்ந்து திசு, திசு சேர்ந்து உறுப்பு, உறுப்பு சேர்ந்து உறுப்பு மண்டலம். ஒரு பெரிய மனுஷன் உடம்புல முப்பது லட்சம் கோடிக்கும் மேல செல் இருக்கும்னு கணக்கு சொல்றாங்க.

1665ல ராபர்ட் ஹூக் தக்கைய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல வச்சு பார்த்தாரு, தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி அறையா தெரிஞ்சுது, சின்ன அறைங்கிற அர்த்தத்துல செல்னு பேரு வச்சாரு. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, கேள்வியா வரும்: அவரு பார்த்தது செத்துப்போன செல்லோட சுவர் மட்டும்தான், உயிருள்ள செல்ல அவரு பார்க்கல. உயிரோட நீந்துற ஒரு செல் உயிரிகளையும் பாக்டீரியாவையும் பார்த்தவரு நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்ல துணி வியாபாரம் பண்ணின ஆன்டன் வான் லீவன்ஹூக். நூல் தரத்த லென்ஸ் வச்சு பார்க்கிற தொழில், அதுலேருந்து தானே லென்ஸ் தேய்க்கக் கத்துக்கிட்டு, ஒரே ஒரு லென்ஸ் வச்ச கருவியில 200 மடங்குக்கும் மேல பெருசாக்கிப் பார்த்தாரு. 1676ல பாக்டீரியா பத்தி லண்டன் ராயல் சொசைட்டிக்கு கடிதம் எழுதினாரு. காலேஜ் பக்கமே போகாத ஒருத்தர் நுண்ணுயிரியலோட தந்தையா நிக்கிறாரு, எனக்கு இவரப் பத்தி எத்தனை தடவ சொன்னாலும் அலுக்காது.

அதுக்கப்புறம் 1831ல ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியோட செல்லுல நடுவுல இருக்கிற உட்கருவ கவனிச்சு பேரு வச்சாரு. 1838ல ஷ்லைடன் தாவரம் எல்லாம் செல்லால ஆனதுன்னாரு, 1839ல ஷ்வான் விலங்கும் அப்படித்தான்னாரு. சரி, செல் எங்கேருந்து வருது? ஏற்கனவே இருக்கிற செல்லுலேருந்துதான்னு 1855ல ருடால்ஃப் விர்ச்சோ சொன்னாரு. இந்த மூணு பேரும் சேர்ந்ததுதான் செல் கொள்கை. ஷ்லைடன் தாவரம், ஷ்வான் விலங்குன்னு மாறிப் போகாம இருக்க ஒரு வழி, செடி முதல்ல விலங்கு அப்புறம்னு வச்சுக்கோங்க, வருஷமும் அதே வரிசைதான்.

செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கிற இடம், ரைபோசோம் புரதம் தயாரிக்கிற இடம், பசுங்கணிகம் தாவரத்துல ஒளிச்சேர்க்கை நடக்கிற இடம். மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் சொந்தமா டிஎன்ஏ இருக்கு, ஏன்னா ஒரு காலத்துல அது ரெண்டும் தனியா வாழ்ந்த பாக்டீரியா, பெரிய செல்லுக்குள்ள போய் அங்கேயே தங்கிடுச்சுன்னு 1967ல லின் மார்குலிஸ் வாதாடினாங்க. அப்போ ஏத்துக்காதவங்க நிறைய, இப்போ பாடப்புத்தகத்துலேயே இருக்கு.

படி 3: உடம்ப எண்ணிக்கையோட படிங்க

உடம்பு பத்தின எண்கள் எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி கண்ணாடி பக்கத்துல ஒட்டிடுங்க, தினமும் கண்ணுல படணும். பெரியவங்களுக்கு எலும்பு 206, பிறந்த குழந்தைக்கு அத விட அதிகம், வளர வளர சிலது ஒண்ணா சேர்ந்துடும். நீளமான எலும்பு தொடை எலும்பு, சின்னது காதுக்குள்ள இருக்கிற அங்கவடி எலும்பு. பெரிய உறுப்பு தோல், பெரிய சுரப்பி கல்லீரல். இரத்த சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், முதிர்ந்த சிவப்பணுவுல உட்கரு கிடையாது. குரோமோசோம் 23 ஜோடி. ஒரு சிறுநீரகத்துல இரத்தத்த வடிகட்டுற நெஃப்ரான் சுமார் 10 லட்சம். இதயத்துல நாலு அறை, துடிப்பு நிமிஷத்துக்கு சராசரியா 72.

இந்த 72ஐ சும்மா படிக்காதீங்க, இதுலதான் ஒரு பெரிய கதை இருக்கு. ரோமானிய காலத்து மருத்துவர் கேலன் சொன்னத ஆயிரத்து நானூறு வருஷமா எல்லாரும் நம்பினாங்க: சாப்பாட்டுலேருந்து கல்லீரல் இரத்தத்த தயாரிக்குது, அது உடம்பு முழுக்கப் போய் செலவாகிடுது, மறுபடி புதுசா தயாராகுது. வில்லியம் ஹார்வி ஒரு சின்ன கணக்கு போட்டாரு. இதயம் ஒரு தடவ துடிச்சா எவ்வளவு இரத்தம் வெளிய போகும், அரை மணி நேரத்துல எத்தனை தடவ துடிக்கும், பெருக்கிப் பாருங்க. வேணும்னே ரொம்பக் குறைச்சலா வச்சு கணக்கு போட்டும் அரை மணி நேரத்துக்கு வர்ற அளவு உடம்புல இருக்கிற மொத்த இரத்தத்த விட அதிகமா இருந்துச்சு. இன்னைக்குத் தெரிஞ்ச அளவுல நீங்களே போட்டுப் பாருங்க, ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். சாப்பாட்டுலேருந்து மணிக்கு 300 லிட்டர் இரத்தம் யாரால தயாரிக்க முடியும்? அப்போ ஒரே இரத்தம்தான் சுத்திச் சுத்தி வரணும். 1628ல இத வெளியிட்டாரு. வெறும் பெருக்கல் கணக்கு ஆயிரத்து நானூறு வருஷ நம்பிக்கைய சாய்ச்சுடுச்சு.

ஆனா அவருகிட்ட ஒரு ஓட்டை இருந்துச்சு. தமனியிலேருந்து சிரைக்கு இரத்தம் எது வழியா போகுது? ஏதோ ஒரு வழி இருந்தே ஆகணும்னு சொன்னாரு, பார்க்க முடியல. 1657ல இறந்துட்டாரு. நாலு வருஷம் கழிச்சு 1661ல மார்செல்லோ மால்பீஜி தவளையோட நுரையீரல மைக்ராஸ்கோப்புல பார்த்து மயிரிழை மாதிரி தந்துகிகள கண்டுபிடிச்சாரு.

தமனி, சிரைல பசங்க மாட்டுற இடம் ஒண்ணு. தமனின்னா ஆக்ஸிஜன் உள்ள இரத்தம், சிரைன்னா இல்லாததுன்னு எழுதிடுவாங்க. இதயத்த விட்டு வெளிய கொண்டு போறது தமனி, இதயத்துக்குக் கொண்டு வர்றது சிரை, இதுதான் சரியான விளக்கம். நுரையீரல் தமனியில ஓடுறது ஆக்ஸிஜன் குறைஞ்ச இரத்தம்தான்.

இரத்தம் ஏத்தினா சிலர் பிழைக்கிறாங்க, சிலர் செத்துப் போறாங்களே ஏன்னு கேட்டவரு கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். ஒருத்தரோட சிவப்பணுவ இன்னொருத்தர் சீரத்தோட, அதாவது இரத்தம் உறைஞ்சதும் பிரியிற தெளிஞ்ச நீரோட கலந்து எது எதுல கட்டியாகுதுன்னு பார்த்து 1901ல ஏ, பி, ஓ வகைகள பிரிச்சாரு, அடுத்த வருஷம் அவரோட கூட வேலை பார்த்தவங்க ஏபி வகைய சேர்த்தாங்க. 1930ல நோபல். ஜூன் 14 அவரு பிறந்த நாள், உலக இரத்த தான தினம் அன்னைக்கு வர்றதுக்கு அதுதான் காரணம். இன்சுலின் 1921ல பான்டிங்கும் பெஸ்ட்டும் டொரோன்டோவுல பிரிச்சு எடுத்தது. 1923 நோபல் பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும்தான் போச்சு, பெஸ்ட் பேரு அதுல இல்ல, இத மாத்தி எழுதிடாதீங்க.

படி 4: நோய்கள ரெண்டு குவியலா பிரிங்க

நோய் பாடம் குழம்புறதுக்குக் காரணம் எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போடுறது. கிருமியால வர்றது ஒரு குவியல், ஏதோ ஒண்ணு குறையிறதால வர்றது இன்னொரு குவியல். முதல்ல இந்தப் பிரிவ போடுங்க.

முதல் குவியல். பெரியம்மையோட போராடினவரு எட்வர்ட் ஜென்னர். பால் கறக்கிற பெண்களுக்கு மாட்டம்மை வந்துட்டா அதுக்கப்புறம் பெரியம்மை வர்றதில்லன்னு கிராமத்துல பேசிக்கிறத அவரு காதுல வாங்கினாரு. 1796 மே மாசம் மாட்டம்மை கொப்புளத்துலேருந்து எடுத்து எட்டு வயசு பையன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு ஏத்தினாரு, அப்புறம் பெரியம்மைய ஏத்திப் பார்த்தாரு, பையனுக்கு நோய் வரல. வேக்சின்ங்கிற சொல்லே லத்தீன்ல பசுவக் குறிக்கிற வாக்காவுலேருந்து வந்தது. 1980ல பெரியம்மை உலகத்துலேருந்தே ஒழிஞ்சுதுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. மனுஷனத் தாக்குற நோய்கள்ல முழுசா ஒழிக்கப்பட்டது இது ஒண்ணுதான்.

ஜென்னர் காலத்துல கிருமியாலதான் நோய் வருதுன்னு யாரும் நிரூபிக்கல, அத மறக்காதீங்க. அந்த இடத்த நிரப்பினவங்க பாஸ்டரும் காக்கும். பாஸ்டர் 1885ல வெறிநாய் கடிச்ச ஜோசப் மைஸ்டர்ங்கிற ஒன்பது வயசு பையனுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டாரு. ராபர்ட் காக் இந்த நோய்க்கு இந்தக் கிருமிதான்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு ஒரு முறையவே உண்டாக்கினாரு: கிருமி நோயாளிகிட்ட இருக்கணும், தனியா பிரிச்சு வளர்க்கணும், ஆரோக்கியமான விலங்குக்கு ஏத்தினா அதே நோய் வரணும், அதுலேருந்து அதே கிருமிய மறுபடி எடுக்கணும். 1882 மார்ச் 24 காசநோய் கிருமிய அறிவிச்சாரு, அந்தத் தேதிதான் உலக காசநோய் தினம். தனியா வளர்க்கிறதுக்கு அவரோட லேப்ல முதல்ல ஜெலட்டின் பயன்படுத்தினாங்க, சூட்டுல உருகிடும். சமையல்ல அகார் பயன்படுத்திப் பழகின ஃபேனி ஹெஸ்ஸங்கிற பெண்மணி அத போட்டுப் பாருங்கன்னு சொன்னாங்க, இன்னைக்கும் உலகம் முழுக்க லேப்கள்ல அதுதான். அவங்க பேர் பல பட்டியல்ல இருக்காது, நீங்க உங்க நோட்டுல கண்டிப்பா எழுதுங்க.

மலேரியா கொசு வழியா பரவுதுங்கிறதுக்கு வழிகாட்டின ஆதாரம் 1897 ஆகஸ்ட் 20ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸுக்குக் கிடைச்சுது, அனோஃபிலஸ் கொசு வயித்துக்குள்ள ஒட்டுண்ணிய பார்த்தாரு. 1902ல நோபல். ஆனா மனுஷ இரத்தத்துல அந்த ஒட்டுண்ணிய முதல்ல பார்த்தவரு லாவரான், 1880ல. ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கோங்க. பெனிசிலின் 1928, அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்; லீவு முடிஞ்சு வந்து பார்த்தா ஒரு தட்டுல பூஞ்சை விழுந்து அத சுத்தி பாக்டீரியா செத்துக் கெடந்துச்சு. அத மருந்தா மாத்தினவங்க ஃப்ளோரியும் செயினும், மூணு பேருக்கும் சேர்த்து 1945ல நோபல்.

ரெண்டாவது குவியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஐக்மனோடது. ஜாவா தீவுல பெரிபெரி நோய்க்கு எந்தக் கிருமி காரணம்னு தேடிக்கிட்டு இருந்தாரு டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன். லேப்ல இருந்த கோழிகளுக்கு திடீர்னு கால் இழுத்துக்கிச்சு, கொஞ்ச நாள் கழிச்சு தானா சரியாச்சு. விசாரிச்சா, நடுவுல கொஞ்ச காலம் கோழிகளுக்கு ஆஸ்பத்திரியில மிஞ்சின தீட்டின அரிசிச் சோறு போட்டிருக்காங்க, புதுசா வந்த சமையல்காரர் அத கோழிக்குத் தரமாட்டேன்னுட்டதால மறுபடி தவிட்டரிசிக்கு மாறியிருக்கு. தவிட்டுலதான் ஏதோ இருக்குன்னு அங்கேருந்து தெரிஞ்சுது. ஐக்மன் கூட ஆரம்பத்துல அரிசியில ஏதோ விஷம், அத தவிடு முறிக்குதுன்னுதான் நினைச்சாரு, ஒரு சத்து குறையிறதால நோய் வருதுன்னு 1901ல சொன்னவரு அவருக்கு அடுத்து வந்த கிரைன்ஸ். அது பின்னாடி வைட்டமின் பி1னு ஆச்சு. வைட்டமின்ங்கிற பேர 1912ல வச்சவரு காசிமிர் ஃபங்க். இதுக்கெல்லாம் முன்னாடி 1747லயே ஜேம்ஸ் லிண்ட் கப்பல்ல ஸ்கர்வி வந்த 12 மாலுமிகள ரெண்டு ரெண்டு பேரா ஆறு குழுவாக்கி ஒவ்வொரு குழுவுக்கும் ஒண்ணு கொடுத்துப் பார்த்தாரு, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவங்கதான் சீக்கிரம் தேறினாங்க. மத்தத வேகமா பார்த்துடுங்க: ஏ குறைஞ்சா மாலைக்கண், டி குறைஞ்சா ரிக்கெட்ஸ், கே குறைஞ்சா இரத்தம் உறையாது, அயோடின் குறைஞ்சா முன்கழுத்துக் கழலை.

படி 5: செடி என்ன சாப்பிடுது?

ஒளிச்சேர்க்கை சமன்பாட்ட எழுதுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விய கேளுங்க. மரம் மண்ணத் தின்னு வளருதுன்னு நம்பின காலத்துல வான் ஹெல்மான்ட் சுமார் 90 கிலோ காய்ஞ்ச மண்ணு போட்ட தொட்டியில ரெண்டு கிலோ சொச்சம் உள்ள வில்லோ கன்ன நட்டு அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினாரு. மரம் 75 கிலோவுக்கு மேல போச்சு, மண்ணு குறைஞ்சது வெறும் 57 கிராம். அப்போ எல்லாம் தண்ணியிலேருந்துதான் வந்துச்சுன்னு முடிவு பண்ணினாரு. சோதனை அருமை, முடிவு பாதிதான் சரி, காத்த அவரு கணக்குல எடுக்கல. 1771ல ஜோசப் ப்ரீஸ்ட்லி மூடின ஜாடியில மெழுகுவர்த்தி அணைஞ்சு கெட்டுப்போன காத்த புதினாச் செடி மறுபடி நல்லதாக்குதுன்னு பார்த்தாரு. அது வெளிச்சத்துல மட்டும்தான், அதுவும் பச்சைப் பாகம் மட்டும்தான் செய்யுதுன்னு 1779ல இங்கன்ஹவுஸ் காட்டினாரு. வெளிவர்ற ஆக்ஸிஜன் கார்பன் டை ஆக்ஸைடுலேருந்து வரல, தண்ணியிலேருந்து வருதுன்னு 1941ல ரூபனும் கேமனும் கனமான ஆக்ஸிஜன் ஐசோடோப் வச்சு நிரூபிச்சாங்க. சர்க்கரை உருவாகுற பாதைய கண்டுபிடிச்ச மெல்வின் கால்வினுக்கு 1961ல நோபல். இந்த ஆறு பேரும் ஒரே கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமா பதில் சொன்னவங்க, ஒரே பக்கத்துல எழுதுங்க.

படி 6: மரபியலுக்கு அதிக நேரம் கொடுங்க

இங்க அவசரப்படாதீங்க, மார்க்கும் இங்கதான் அதிகம், அழகும் இங்கதான். பிர்னோ ஊர்ல ஒரு மடத்துல துறவியா இருந்த கிரிகோர் மெண்டல், ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டு தடவ தேறாம போனவரு. 1856லேருந்து 1863 வரைக்கும் சுமார் 28,000 பட்டாணிச் செடி வளர்த்தாரு. பட்டாணி ஏன்? சீக்கிரம் வளரும், தன் மகரந்தச் சேர்க்கை, குணங்கள் பளிச்சுன்னு ரெண்டா பிரியும்: உருண்டை இல்லேன்னா சுருக்கம், மஞ்சள் இல்லேன்னா பச்சை, நடுவுல எதுவும் இல்ல. இந்த மாதிரி ஏழு குணங்கள எடுத்துக்கிட்டாரு.

உருண்டை விதைச் செடியையும் சுருக்க விதைச் செடியையும் கலந்தா முதல் தலைமுறையில எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமப் போச்சா? அடுத்த தலைமுறையில 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். வகுத்துப் பாருங்க, 2.96 வரும், கிட்டத்தட்ட 3:1. அழியல, மறைஞ்சு இருந்துச்சு. முன்னாடி செடிகள கலந்தவங்க பல பேர் உண்டு, இவரு மாதிரி உட்கார்ந்து எண்ணினவங்க இல்ல. 1865ல உரையா சொல்லி 1866ல அச்சாச்சு, கிட்டத்தட்ட யாரும் கண்டுக்கல. 1884ல இறந்துட்டாரு, 1900ல டி வ்ரீஸ், காரன்ஸ், ஷெர்மாக் மூணு பேரும் தனித்தனியா அதே முடிவுக்கு வந்தப்பதான் உலகம் அவர திரும்பிப் பார்த்துச்சு.

சரி, குணத்த அடுத்த தலைமுறைக்குக் கடத்துற ஒரு காரணி இருக்குன்னு மெண்டல் சொன்னாரே, அது எங்க இருக்கு? குரோமோசோம்லன்னு தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈய வச்சு காட்டினாரு, 1910ல சிவப்புக் கண்ணு ஈக்களுக்கு நடுவுல கிடைச்ச ஒரு வெள்ளைக் கண்ணு ஆண் ஈதான் ஆரம்பம். குரோமோசோம்ல புரதமும் இருக்கு டிஎன்ஏவும் இருக்கு, எது மரபுப் பொருள்? 1928ல கிரிஃபித் செத்த கொடிய பாக்டீரியாவையும் உயிருள்ள சாதுவான பாக்டீரியாவையும் சேர்த்து எலிக்குப் போட்டா எலி செத்துது, சாதுவானது கொடியதா மாறியிருந்துச்சு. எது மாத்துச்சுன்னு தேடி டிஎன்ஏன்னு 1944ல ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி மூணு பேரும் காட்டினாங்க, 1952ல ஹெர்ஷியும் சேஸும் வைரஸ வச்சு உறுதிப்படுத்தினாங்க. இந்த மக்லியாட் வேற, இன்சுலின் மக்லியாட் வேற.

அடுத்த கேள்வி, டிஎன்ஏவோட வடிவம் என்ன? ரோசலின்ட் ஃபிராங்க்ளின் லேப்ல 1952 மே மாசம் எடுத்த எக்ஸ்ரே படம், 51வது படம்னு பேரு, இழை சுருளா இருக்கிறத தெளிவா காட்டுச்சு. அவங்களுக்கே தெரியாம அந்தப் படத்த வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினாரு. டிஎன்ஏவுல எழுத்து மாதிரி வரிசையா வர்ற நாலு வேதிப்பொருள்ல ஏயும் டியும் சம அளவு, ஜியும் சியும் சம அளவுன்னு சார்காஃப் ஏற்கனவே அளந்து வச்சிருந்தாரு. இதையெல்லாம் சேர்த்து வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல்ல இரட்டைச் சுருள் மாதிரிய வெளியிட்டாங்க. 1962ல நோபல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூணு பேருக்கு. ஃபிராங்க்ளின் 1958லயே 37 வயசுல புற்றுநோயில இறந்துட்டாங்க, இறந்தவங்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. இரட்டைச் சுருள் யாருன்னு கேட்டா ரெண்டு பேரு எழுதுங்க, மார்க்குக்கு அது போதும், ஆனா உங்க நோட்டுல மூணாவது கட்டத்துல அவங்க பேரு முதல்ல இருக்கணும்.

அப்புறம் அந்த எழுத்துக்கள எப்படிப் படிக்கிறது? மூணு மூணு எழுத்தா படிக்கணும், மொத்தம் 64 மூவெழுத்து, அதுல 61 மூவெழுத்து புரதத்தோட கட்டுமானக் கல்லான அமினோ அமிலங்களக் குறிக்கும், மீதி 3 நிறுத்தற்குறி, அமினோ அமிலம் 20 வகை. இத உடைச்சதுக்கு ஹர் கோபிந்த் கொரானா, நிரன்பெர்க், ஹாலி மூணு பேருக்கும் 1968ல நோபல். மக்காச்சோளத்துல ஜீன் இடம் விட்டு இடம் தாவுதுன்னு பார்பரா மெக்லின்டாக் 1940கள் கடைசியிலயே கண்டுபிடிச்சாங்க, நோபல் வர 1983 ஆச்சு, அந்த வருஷம் மருத்துவப் பரிசு அவங்களுக்கு மட்டும் தனியா.

படி 7: பரிணாமமும் பேர் வைக்கிறதும்

டார்வின் 1831லேருந்து 1836 வரை பீகிள் கப்பல்ல போனாரு, காலபாகஸ் தீவு 1835. திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆதாரம் சேர்த்துக்கிட்டே இருந்தாரு, வெளியிடல. 1858ல ஆல்ஃப்ரெட் ரசல் வாலஸ்கிட்டேருந்து ஒரு கடிதம், அதுல அதே இயற்கைத் தேர்வு யோசனை. ரெண்டு பேரு எழுத்தும் ஒண்ணா 1858 ஜூலை 1 லண்டன்ல வாசிக்கப்பட்டுச்சு, டார்வின் புத்தகம் 1859. குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னு எழுதாதீங்க. இன்னைக்கு இருக்கிற குரங்கினங்களுக்கும் நமக்கும் பொதுவா ஒரு மூதாதை இருந்துச்சுங்கிறதுதான் சரி. பெற்றோர் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகுதுங்கிறது டார்வினுக்குக் கடைசி வரை பிடிபடல, அதே காலத்துல மெண்டல் கட்டுரை அச்சாகி சும்மா கெடந்துச்சு. இத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறாது.

பேர் வைக்கிறதுல லின்னேயஸ் ஒருத்தர் போதும், தாவரத்துக்கு 1753, விலங்குக்கு 1758, ஒவ்வொரு உயிரினத்துக்கும் பேரினம், சிற்றினம்னு ரெண்டு பேர் சேர்த்து வைக்கிற இருபெயரிடும் முறை. எல்லா உயிரினத்தையும் அஞ்சு பெரிய பிரிவா பிரிக்கிற ஐந்து உலக வகைப்பாடு ராபர்ட் விட்டேக்கர், 1969. மாட்டுற இடங்கள்: திமிங்கலமும் வௌவாலும் பாலூட்டி, பிளாட்டிபஸ் முட்டை போடுற பாலூட்டி, கடல்குதிரை மீன், எட்டுக்கால் பூச்சிக்குப் பேருல பூச்சி இருந்தாலும் அது பூச்சியினம் இல்ல, காளான் தாவரம் இல்ல, பவளம் விலங்கு, உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர்.

படி 8: பேர் குழப்பத்துக்குத் தனிப் பக்கம்

ஹூக், பிரவுன், காக், விட்டேக்கர்னு ராபர்ட் நாலு பேர். தக்கை, உட்கரு, காசநோய், ஐந்து உலகம்னு பொருள முன்னாடி எழுதி பேர பின்னாடி எழுதுங்க, சண்டை வராது. ஃபிளெமிங்லயும் ரெண்டு பேர் இருக்காங்க, பெனிசிலின் அலெக்ஸாண்டர், செல் பிரியிறத வரைஞ்சு காட்டி மைட்டாசிஸ்னு பேரு வச்சது வால்தர், 1882. அந்த மைட்டாசிஸும் மியாசிஸும் குழம்பினா இத மட்டும் பிடிச்சுக்கோங்க: மைட்டாசிஸ்ல ரெண்டு செல், குரோமோசோம் அதே எண்ணிக்கை, மியாசிஸ்ல நாலு செல், எண்ணிக்கை பாதி.

படி 9: மூடி வச்சு சொல்லிப் பாருங்க

திரும்பத் திரும்ப வாசிக்கிறது படிப்பு மாதிரி தெரியும், ஆனா மனசுல தங்காது. முதல் கட்டத்துல இருக்கிற கேள்விய மட்டும் விட்டுட்டு மத்த மூணு கட்டத்தையும் ஒரு பேப்பரால மூடுங்க, வாய்விட்டு பதில் சொல்லுங்க, எங்க திக்குதோ அங்க மட்டும் பென்சில்ல புள்ளி வைங்க. மறுநாள் புள்ளி வச்சத மட்டும், மூணு நாள் கழிச்சு திரும்ப, ஒரு வாரம் கழிச்சு திரும்ப. வருஷம் மறந்தா பரவாயில்ல, வரிசை மாறக்கூடாது. வீட்டுல சின்னப் பசங்க யாராவது இருந்தா அவங்கள உட்கார வச்சு சொல்லுங்க, அவங்க ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, அதுதான் உங்களுக்கு வேணும். ஹார்விக்கு அப்புறம் மால்பீஜி ஏன் வரவேண்டியிருந்துச்சுன்னு நோட்டப் பார்க்காம அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்ல முடிஞ்சா அந்தப் பக்கத்துல இருக்கிற புள்ளிய அழிச்சுட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.